வண்டி ரசம்

நீங்க கிளறிட்டே இருங்க மாஸ்டர், எனக்காக அடுப்பை அணைக்க வேண்டாம். நான் இந்த முக்காலியில உக்காந்துக்கறேன். மண்டபத்து மேனேஜருதான் நீங்க உள்ள சமையக்கட்டுல இருப்பீங்கன்னு அனுப்பிச்சாரு. என்ற பேரு வெள்ளியங்கிரி. சூலூருங்க. மில்லுல டைம் கீப்பரா இருந்து ஓய்வாயிட்டேன். அடுத்த வாரம் புதன்கெழமை எம் பொண்ணு நவீனாளுக்குக் கண்ணாலம், இதே மண்டபத்துல. ஆமாங்க, இன்னும் எட்டு நாள்தான். எந் தம்பி வந்து உங்ககிட்டச் சமையல் லிஸ்ட்டெல்லாம் குடுத்துட்டுப் போனான். அது அப்படியே இருக்கட்டும். அதுல ரசம்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதை மட்டும் மாத்தோணும்.

மைசூர் ரசம் வேண்டாம். தக்காளி ரசமும் வேண்டாம். வண்டி ரசம் வேணும்.

வண்டிதானுங்க. காரு. காரு கழுவற ரசம்.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யறாங்க. ஆனா விசயத்தைக் கேட்டுப்போட்டு அப்பறம் முடியாதுன்னு சொல்லுங்க. கண்ணாலத்துல தாரை வார்க்கறப்ப எம் பக்கத்துல எம் பொண்டாட்டி நிப்பாளா மாட்டாளாங்கறது இந்த ரசத்துலதான் இருக்குது. அவ நாலு நாளாப் பல்லடத்துல அவ தம்பி ஊட்டுல போயி உக்காந்திருக்கறா.

காரைப் பத்திச் சொல்லிர்றேன். வெள்ளைக் காரு, இருவத்திரண்டு வருசத்து வண்டி. ஓய்வானதுக்கப்பறம் எனக்கு அதைக் கழுவறதுதான் வேலை. வாட்டர் சர்வீஸ் கடைக்காரன் ஒரு நாளு, ஐயா உடம்புக்கு ஷாம்பு தனி, டயருக்குத் தனி, கண்ணாடிக்குத் தனி, டேஷ்போர்டுக்குத் தனின்னு அஞ்சு பாட்டலை எடுத்து மேசை மேல வரிசையா வெச்சான். வெலையைக் கேட்டதும் எனக்குக் கிறுகிறுன்னு வந்துச்சு. கண்ணாடியைப் போட்டுட்டு ஒவ்வொரு பாட்டலோட முதுகுலயும் என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சேன். எலுமிச்சைங்கறான், தேங்காங்கறான், வினிகருங்கறான், உப்புங்கறான். அடப்பாவி, இது பூரா எங்கூட்டுச் சமையக்கட்டுல இருக்குதேன்னு தோணுச்சு. அன்னையிலிருந்து அந்தக் கடைப்பக்கம் நான் போகலீங்க.

உடம்புக்கு அரப்பு. தலைக்குத் தேய்க்கற அதே அரப்புத்தான், மனுசன் தலையைவிடத் தகரம் ஒசத்தியா என்ன. டேஷ்போர்டுக்குத் தேங்காயெண்ணெய். முன்னால லைட்டு ரெண்டும் மஞ்சள் பூத்துக் கிடந்துச்சு, பேஸ்ட்டு வெச்சுத் தேய்ச்சு விட்டேன். பிரஷ்ஷு எங்கூட்டுக்காரியோடது. பழசுன்னு நெனச்சு எடுத்தேன், அது புதுசுன்னு அவ அடுத்த நாளு பல்லு விளக்கறப்பத்தான் சொன்னா. உருளைக்கெழங்கை ரெண்டா வெட்டிக் கண்ணாடியில தேய்ச்சா மழைத்தண்ணி நிக்காதுன்னு செல்போன்ல ஒருத்தன் சொன்னான். தேய்ச்சேன். மழை வரலை, வெய்யிலு வந்துச்சு. கண்ணாடி பூரா வறுவல் வாசம்.

சீட்டுத் துணிக்குச் சோத்துக்கஞ்சி போட்டேன், வேட்டியாட்டம் வெறைப்பா நின்னுச்சு. மிச்சக் கஞ்சியை வீணாக்கறது எதுக்குன்னு பானட்டு மேலயும் பூசி விட்டேன். ரெண்டாவது ஊட்டு மாடு வந்து ஒரு பக்கம் பூரா நக்கிருச்சு. நக்குன பக்கம் இன்னும் சுத்தமா இருந்துச்சுங்க. அதனால மறுக்கா கதவுக்கும் பூசி, நானே போயி அந்த மாட்டைக் கையோட கூட்டிட்டு வந்தேன். நான் ஒண்ணைத் தொட்டா முழுசாச் செய்யற ஆளு.

வசந்தாமணி, அதான் எங்கூட்டுக்காரி, ஒண்ணும் சொல்ல மாட்டா. புளி எங்க, உப்பு எங்க, எலுமிச்சை எங்கன்னு தேடுவா. தேடிப்போட்டுப் போர்டிகோவுக்கு வந்து காரை ஒரு பார்வை பார்ப்பா, திரும்பிப் போயிருவா. நானும் அவ சமையல்ல குத்தம் சொன்னவன் இல்லீங்க. முப்பத்தோரு வருசத்துல ஒரு நாளு நல்லா இல்லைன்னு சொல்லியிருப்பனா? வெச்சதைத் தின்னுட்டு வாயைத் தொறக்காம எந்துரிச்சுப் போயிருவேன். இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆம்பளை கிடைக்கோணுமில்லீங்களா.

வண்டி ரசம் எப்படி வந்துச்சுன்னா, பம்பர்ல இருக்கற கறைக்குப் புளித்தண்ணியும் கல்லுப்பும் போட்டேன். புளிக்குப் பித்தளைக் குத்துவிளக்கே வழிக்கு வருது, பம்பர் வராதா. கூட எலுமிச்சத்தோலு. அப்பறம் எலி. ராத்திரியானா வந்து ஒயரைக் கடிச்சுப்போடுது. பூண்டு, மிளகு, பெருங்காயம், இந்த வாசமெல்லாம் எலிக்கு ஆகாதுன்னாங்க. தனித்தனியா எதுக்குன்னு எல்லாத்தையும் ஒரே போசியில போட்டு அடுப்புல ஏத்திட்டேன். அது கொதிக்கறப்பப் பக்கத்து ஊட்டுக்காரரு சன்னல்ல எட்டிப் பார்த்து, என்னங்க இன்னைக்கு ரசமான்னு கேட்டாரு. ஆமாங்க, வண்டிக்குன்னேன். அப்படி வெச்ச பேருதான் அது.

இனித்தான் விசயமே வருது. போன மாசம் காங்கேயத்துல இருந்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பொண்ணு பார்க்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா பேரு சென்னியப்பன், அரிசி மில்லு வெச்சிருக்கறாரு. நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. சம்பந்தம் பேசி முடியற வரைக்கும் பொண்ணு ஊட்டுல கை நனைக்க மாட்டாங்க. பச்சைத்தண்ணி குடிப்பாங்க, அதோட சரி. கை நனைச்சுட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம், அதுக்கப்பறம் பேச்சு மாத்தப்படாது. சென்னியப்பன் அதுல ரொம்பக் கறாரு. பதினாலு ஊட்டுல பொண்ணு பார்த்து, ஒரு ஊட்டுலயும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காம எந்துரிச்சு வந்த மனுசன். நவீனாளுக்கோ மாப்பிள்ளையைப் புடிச்சுப் போச்சு. ரெண்டு பேரும் போன்ல பேசிட்டுத்தான் இருந்தாங்க, எனக்குத் தெரியாதுன்னு அவளுக்கு நெனப்பு.

வசந்தாமணி விடியக்காலம் நாலு மணிக்கே எந்துரிச்சு ஒரு விருந்தே ஆக்கிப்போட்டா. அவங்கதான் கை நனைக்க மாட்டாங்களே, எதுக்கு இத்தனைன்னு கேட்டேன். 'நனைச்சுட்டாங்கன்னா?' அப்படின்னா. அவ ஆசை அவளுக்கு. எனக்கு என் வேலை இருந்துச்சு. வர்றவங்க மொதல்ல பார்க்கறது போர்டிகோவுல நிக்கற காரைத்தானுங்களே. ஒரு அடுப்புல அவ ரசம், பக்கத்து அடுப்புல என்ற ரசம். ரெண்டும் அவங்கம்மா சீர் குடுத்த ஜோடிப் போசியில, ஒண்ணைப் போலவே இன்னொண்ணு. பாயசத்துக்கு எடம் வேணும்னு அவ ரெண்டையும் எறக்கி மேடை மேல வெச்சுப்போட்டு, எலை அறுக்க ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயிட்டா. அவ எதையும் ருசி பார்த்து ஆக்கறவ இல்லீங்க. ஆவியை மோந்து பார்த்தே உப்புச் சொல்லுவா, எல்லாருக்கும் ரசம் ஊத்திட்டு அவ திங்கறது மோருஞ்சோறு மட்டுந்தான்.

நான் உள்ள வந்து பார்க்கறேன், ரெண்டு போசி. எது எதுன்னு நமக்குத் தெரியாதுங்களா. ரெண்டையும் மோந்து பார்த்தேன். ஒண்ணு சும்மா புளிச்ச வாசம். இன்னொண்ணு மூக்குல ஏறி அப்படியே நெஞ்சுக்குள்ள எறங்குச்சு. இதுதான் நம்ம சரக்குன்னு தூக்கிட்டுப் போயிட்டேன். கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா.

அன்னைக்கு அந்தக் காரைப் பார்த்திருக்கோணும் நீங்க. ரெண்டே மக்குத்தான் மொண்டு ஊத்துனேன். நெய் பூசுனாப்பல பம்பர் மினுமினுன்னு வந்துச்சு. எறும்பு வரிசை கட்டி வந்து பார்த்துட்டுப் போச்சு. அதுக்குள்ள அவங்க ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து எறங்கிட்டாங்க. நான் போசியைத் தூக்கிட்டு ஓடிப் பழையபடி மேடை மேலயே வெச்சுட்டு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு வந்து கும்புட்டு நின்னேன்.

சென்னியப்பன் ஊட்டுக்குள்ளயே வரலை. காரைச் சுத்தி வந்தாரு. ஒரு சுத்து, ரெண்டு சுத்து. பம்பர்கிட்டக் குனிஞ்சு மூச்சை இழுத்தாரு. வண்டியைப் பத்தி வெவரம் தெரிஞ்ச மனுசன் போலிருக்குதுன்னு எனக்குச் சந்தோசம். அப்பறம் உள்ள வந்தாங்க, பொண்ணைப் பார்த்தாங்க, மத்தவங்கல்லாம் பேசுனாங்க. அவரு வாயைத் தொறக்கலை. மூக்கை மட்டும் சமையக்கட்டுப் பக்கம் திருப்பி வெச்சிருந்தாரு. கடைசியா, ரசம் ஒரு டம்ளர் குடிக்கலாமுங்களான்னு கேட்டாரு. அவங்க ஊட்டம்மா திருதிருன்னு முழிச்சாங்க. குடிக்கறதுதானே, கை நனையாதேன்னு அவரே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டாரு.

மேடை மேல இருந்த ரெண்டுல ஒண்ணு காருக்கு வெச்சதாச்சே. வசந்தாமணி டம்ளரை எடுத்துட்டா. நான் வாசப்படியில நின்னுட்டு, நான் கொண்டாந்து வெச்ச போசியைக் கண்ணால காட்டி, அது வேண்டாம் அது வேண்டாம்னு தலையை ஆட்டுனேன். அவளுக்கு அதைத்தான் எடுன்னு சொல்றாப்பல இருந்திருக்குது. நாங்க கண்சாடை பேசிப் பழகுனவங்க இல்லீங்க. நேராப் பேசறதே கம்மி. அதுல இருந்தே மொண்டு ஊத்திக் குடுத்துட்டா.

ஒரு டம்ளர் குடிச்சாரு. நீட்டுனாரு, ரெண்டாவது ஊத்துனா. மூணாவது டம்ளர் முடிஞ்சதும் ஒரு ஏப்பம் விட்டாரு பாருங்க, பத்து வருசமா வராத ஏப்பம்னு அவங்க ஊட்டம்மாவே அப்பறம் சொன்னாங்க. தோள்ல இருந்த துண்டை எடுத்து மடியில போட்டுக்கிட்டு, 'எலையைப் போடுங்க' அப்படின்னாரு.

வந்த ஒம்பது பேரும் கை நனைச்சாங்க மாஸ்டர். அங்கயே காலண்டரை எடுத்துத் தேதி பார்த்தாச்சு. நவீனா சமையக்கட்டுக்குள்ள நின்னு அழுதுட்டே சிரிச்சா. எனக்கும் கண்ணு கலங்கிப் போச்சுங்க, பொய் சொல்லப்படாது.

அவங்க வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள நான் வசந்தாமணிகிட்டச் சொல்லிட்டேன். அது உன் ரசம் இல்ல, என்ற வண்டி ரசம்னேன். சந்தோசத்தை எத்தனை நேரம் வாய்க்குள்ள வெச்சிருக்கறது. மொதல்ல அவ நம்பலை. போர்டிகோவுல இருந்து நான்தானே கொண்டாந்து வெச்சேன், பார்க்கலையான்னு கேட்டேன். பார்த்தேன்னா. அப்பறம் மெதுவாப் போயி, அந்த இன்னொரு போசியில இருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில ஊத்திப் பார்த்தா. மொகம் கோணிப் போச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டா.

'இதையாங்க முப்பத்தோரு வருசமா உங்களுக்கு ஊத்திட்டு இருந்தேன்?' அப்படின்னா.

எனக்குப் பாவமா இருந்துச்சு. ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்களா. பரவால்ல உடு வசந்தாமணி, எனக்குப் பழகிப் போச்சுன்னு சொன்னேன்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க. அதுல என்ன தப்பு. கிளறுங்க, அடி புடிக்கற வாசம் வருது.

அந்தப் போசி ரசத்தைக் கீழ ஊத்த விடலீங்க அவ. மூணு நாளு அவ ஒருத்தியே சோத்துல ஊத்திப் பெசஞ்சு தின்னா. ஒவ்வொரு வாய்க்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு. புளிப்பு தூக்கலா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு அப்ப வேற வேலை நெறைய. தெருவுல, சொந்தத்துல, பால்காரன்கிட்ட, எல்லாருகிட்டயும் நடந்ததைச் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கன்னு சொல்லித்தான் சொன்னேன்.

அதுக்கப்பறம் காங்கேயத்துல இருந்து தெனமும் போன். கண்ணாலத்துப் பந்தியில சம்பந்தியம்மா ரசத்தைத்தான் ஊத்தோணும், எண்ணூறு பேரும் குடிச்சுப் பார்க்கோணும், பக்குவத்தைச் சமையல்காரருக்குச் சொல்லிக் குடுத்துருங்கன்னு சென்னியப்பன் ஊட்டம்மா சொல்றாங்க. இவ என்னன்னு பதில் சொல்லுவா, எலிக்கு வெச்சதுன்னா? போனைக் காதுல வெச்சுட்டுச் செவுத்தைப் பார்த்துட்டு நிப்பா. அந்தம்மா புகழப் புகழ இவ மொகம் சுருங்கிட்டே வந்துச்சு.

கடைசியில என்கிட்டயே பக்குவம் கேட்டா. முப்பத்தோரு வருசத்துல அவ என்கிட்ட ஒரு பக்குவம் கேட்டது அன்னைக்குத்தான். பக்கத்துலயே முக்காலி போட்டு உக்காந்து சொல்லிக் குடுத்தேன். மூணு மக்குத் தண்ணி, பவுடர் டப்பா மூடியில ரெண்டு மூடி உப்பு, எலுமிச்சத்தோலு ரெண்டு கை. அவ பழக்கதோசத்துல கடுகை எடுத்தா, கையைப் புடிச்சு நிறுத்துனேன். வண்டி ரசத்துல கடுகு கிடையாது, உன் இஷ்டத்துக்குப் பண்ணித்தானே கெடுத்து வெச்சிருக்கறேன்னேன். பதினோரு தடவை வெச்சா. பதினோரு தடவையும் நான் ருசி பார்த்தேன். வரலீங்க. கிட்டக்கூட வரலை. காருல ஊத்திப் பார்த்தேன், எறும்புகூடத் திரும்பிப் பார்க்கலை.

போன வெள்ளிக்கெழமை கரண்டியைக் கீழ வெச்சுட்டா. 'என் கை போயிருச்சுங்க. கை போனவ மணையில நின்னு என்னத்தைத் தாரை வார்க்கறது. அந்தக் காரையே பக்கத்துல நிறுத்தி வெச்சுத் தாரை வார்த்துக்குங்க' அப்படின்னு சொல்லிப்போட்டு, மஞ்சப்பையை எடுத்துட்டுப் பல்லடம் பஸ் ஏறிட்டா. கோவத்துல சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமுங்களா. மண்டபத்துக்குள்ள காரு எப்படிப் போகும், பன்னண்டு படி இருக்குது.

நவீனா என்னோட பேசறதில்லை. அம்மா வராம மணவறை ஏற மாட்டேன்னு எந் தம்பிகிட்டச் சொல்லி அனுப்பறா. நாலு நாளா நான் ஓட்டல் சாப்பாடு. சோறு எறங்குது, ரசம் எறங்க மாட்டேங்குது. என்ன காரணமோ தெரியலை. ஊட்டுக்குள்ள போகவே மனசு வரலைங்க, போர்டிகோவுலயே காருக்குள்ள உக்காந்துக்கறேன்.

அதனாலதான் உங்களைத் தேடி வந்தேன். அந்த ரசத்தை நீங்க வெச்சுட்டீங்கன்னா அவ தலையில இருக்கற பாரம் எறங்கிரும், வந்திருவா. மாதிரிக்குக் கொண்டாந்திருக்கறேன். அன்னைக்குப் போசியில மிஞ்சுனதை ஐஸ் பெட்டியில கட்டியாக்கி வெச்சிருந்தேன், ஒரு ஞாபகத்துக்கு. காலையில எடுத்து வெளிய வெச்சது, இப்பத்தான் எளகியிருக்குது. இந்தாங்க பிளாஸ்க்கு. பயப்படாதீங்க, ஒம்பது பேரு குடிச்சுப்போட்டு நல்லாத்தான் இருக்கறாங்க. கொஞ்சமாச் சூடு பண்ணி ஒரு வாய் ஊத்திப் பாருங்க.

என்னங்க, கண்ணை மூடிட்டீங்க.

என்ன சொன்னீங்க? 'இதை வெச்ச கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாமுங்க'ன்னா? நாப்பது வருசம் கரண்டி புடிச்ச நீங்க சொல்றீங்க. மேலெல்லாம் புல்லரிக்குது மாஸ்டர். இந்தக் கைதானுங்க அது. தாராளமாப் புடிச்சுப் பாருங்க.

என்னது, பருப்பா?

இல்லீங்க, பருப்புப் போடலை. காருக்கு எதுக்குப் பருப்பு. தொவரம்பருப்பு வேகவெச்ச தண்ணியா? இல்லீங்களே. மல்லி வறுத்து அரைச்சிருக்குதா? நான் வறுக்கவே இல்லீங்க, எனக்கு வறுக்கத் தெரியாது. நெய்யில தாளிச்ச கடுகா. எங்க, கரண்டியைக் காட்டுங்க. அது மிளகுங்க. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

கடுகுதான்.

எலுமிச்சத்தோலு கசப்பு ஒரு சொட்டுகூட இல்லைங்கறீங்களா. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. ரெண்டு கை போட்டேனே.

கொஞ்சம் இருங்க மாஸ்டர். அப்பன்னா நான் தூக்கிட்டுப் போயிக் காருல ஊத்துனது அவ ரசம். சென்னியப்பன் மூணு டம்ளர் குடிச்சதும் அவ ரசம்தான். அப்ப அந்த இன்னொரு போசி. மூணு நாளு அவ பெசஞ்சு தின்னது. பம்பருக்கும் எலிக்கும் வெச்சதைத் தின்னுபோட்டு, இதுதான் என் கைன்னு நெனச்சு உக்காந்துட்டாளா. நான் வேற பழகிப் போச்சுன்னு சொன்னனே. எந்த வாயில சொன்னேன்.

தெனமும் குடிச்ச ரசமுங்க அது. பதினோராயிரம் நாளு குடிச்சிருப்பேன். போசியில மோந்து பார்த்தப்பவும் தெரியலை. ஐஸ் பெட்டியில வெச்சுக் காவல் காத்தேன், ஊரு பூரா என் ரசம் என் ரசம்னு சொன்னேன், அப்பவும் தெரியலை. நீங்க ஒரு வாயில கண்டுபுடிச்சுட்டீங்க. எனக்குத் தெரியலீங்களே மாஸ்டர்.

போறேன். இப்பவே போறேன். போயி என்னன்னு சொல்றது? தப்பு எம்மேலதான்னு சொன்னா ஒடனே நம்பிருவா, அது அவளுக்குப் புதுசு இல்லை. ரசம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லோணும். அதை எப்படிங்க சொல்றது. வெறுமனே நல்லா இருக்குதுன்னாப் போதுங்களா, இல்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டுச் சொல்லோணுமா. அவ தம்பி ஊட்டு ஆளுங்க எல்லாம் நிப்பாங்க. நீங்க ஒரு எட்டு என்கூட வர முடியுங்களா. சரி சரி, அடுப்புல வேலை கிடக்குது, தெரியுது.

அப்ப ஒண்ணு பண்ணுங்க. வாயில ஊத்துனதும் ஒண்ணு சொன்னீங்களே, கையைக் கண்ணுல ஒத்திக்கறதுன்னு. அதை இன்னொருக்கா மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன். பல்லடம் போயிச் சேர நாப்பது நிமிசம் ஆகும், அதுக்குள்ள மறந்திரும். இதுவரைக்கும் சொல்லி வழக்கமில்லீங்க.